இடிந்த கோயிலும் இடியாத மலையும்



முப்பத்தெட்டு ஆண்டுகள் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். ஆசிரிய கலாசாலையில் பயிற்சி பெற்ற காலத்தில் எங்களுக்கு உளநூல் கற்பித்த பெரியவர் ஒருவர் அடிக்கடி ஒன்று கூறுவார். மாணாக்கர் கேட்கும் கேள்விக்கு விடை தெரியாவிட்டால், தெரியாது என்று சொல்ல ஆசிரியன் வெட்கப்படலாகாது. அவ்வாறு சொன்னபின் விடையைத் தேடாமல் இருப்பதற்கே வெட்கப்பட வேண்டும் என்பார். அவர் சொல்லைக் கூடியவரை கடைப்பிடித்து வந்திருக்கிறேன். ஆயினும் ஒரு கேள்விக்கு மட்டும் நெடுங்காலம் விடையிறுக்காமல் கடன்பட்டிருந்தேன். அந்தக் கடனை என்னால் இயன்ற அளவில் தீர்ப்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

திருகோணமலைக்கு வடக்கே, கடலை ஒட்டிய ஒரு சிற்றூரின் பாடசாலையில் நான் பணியாற்றிய காலம். ஏழாம் வகுப்புக்குச் சைவ சமய பாடம் நடந்துகொண்டிருந்தது. திருஞானசம்பந்தர் கோணமாமலையைப் பாடிய பதிகத்தைச் சொல்லிக்கொடுத்தபின், அம்மலைமேல் இருந்த பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்த வரலாற்றையும் கூறினேன். பின்வரிசையில் இருந்த சிறுமி ஒருத்தி எழுந்து, "ஐயா, தன்னுடைய கோயிலையே காப்பாற்றாத சுவாமி எங்களை எப்படிக் காப்பாற்றுவார்?" என்று கேட்டாள். வகுப்பு முழுவதும் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. "எனக்குத் தெரியாது, பிள்ளை. தேடிச் சொல்கிறேன்" என்று மட்டும் சொல்லி அவளை இருக்கச் செய்தேன்.

அவள் கேட்டதை விளங்கிக்கொள்வதற்கு முதலில் அந்த மலையை அறிந்துகொள்ள வேண்டும். திருகோணமலை நகரின் கிழக்கே கடலுக்குள் நீண்டு செல்கிறது ஒரு மலைமுனை. அதன் கிழக்குப் பக்கம் செங்குத்தாகக் கடலில் இறங்குகிறது. உச்சியில் நின்று கீழே நோக்கினால் அலைகள் பாறையில் மோதி வெண்ணுரையாய்ச் சிதறுவது தெரியும். ஓசை சற்றுப் பிந்தியே செவிக்கு வரும். சுவாமிமலை என்று ஊரார் அழைப்பது இதனையே. பாறையில் ஆழமாகப் பிளந்து கிடக்கும் வெடிப்பை இராவணன் வெட்டு என்று காட்டுவார்கள். இம்முனையில் மூன்று கோயில்கள் இருந்ததாகப் போர்த்துக்கேயர் எழுதிய குறிப்புகளிலிருந்தே அறிகிறோம். கத்தோலிக்கத் துறவியாகிய பெர்னாவோ த குவேறோஸ், யாத்திரிகர் பெருகி வந்த இத்தலத்தைத் தென்னாட்டின் பெருந்தலங்களோடு ஒப்பிட்டு எழுதியிருக்கிறார். இடித்தவர்களின் இனத்தவரே இதன் பெருமைக்குச் சாட்சியானார்கள்.

1620-களின் முற்பகுதியில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தாந்தீனு த சா இக்கோயில்களை இடிப்பித்தான். சித்திரைப் புத்தாண்டு நாளில் சுவாமி நகர்வலம் எழுந்தருளியிருந்த வேளையில் போர்வீரர் அடியார் வேடம் பூண்டு உள்ளே நுழைந்தனர் என்பது செவிவழி மரபு. இடித்த கற்களைக்கொண்டு அதே முனையில் கோட்டை எழுப்பப்பட்டது. 1639ஆம் ஆண்டு அது ஒல்லாந்தர் கைக்கு வந்தது. 1795ஆம் ஆண்டு ஆங்கிலேயர் கைக்கு மாறியது. பின்னர் பிரெடரிக் கோட்டை என்னும் பெயரைப் பெற்றது. இன்றும் கோணேசர் கோயிலுக்குச் செல்பவர் அக்கோட்டை வாயிலைக் கடந்தே செல்லவேண்டும். அவ்வாயிலின் கல்லொன்றில் இரட்டை மீன் சின்னமும் சிதைந்த தமிழ் எழுத்துகளும் காணப்படுகின்றன. இறைவனுக்கென்று பொளிந்த கல் பீரங்கிக்குச் சுவராயிற்று. உள்ளே நுழைந்தால் புள்ளிமான்கள் மர நிழலில் மேய்ந்துகொண்டிருக்கும். அவற்றைக் கண்டு குழந்தைகள் மகிழும்போது பெரியவர்கள் சுவரைப் பார்த்தபடி மௌனமாக நடப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

ஒரு திருத்தலம் அழியும்போது அழிவது யாது? கல்லும் சுதையும் மட்டுமென்றால் மீண்டும் கட்டிக்கொள்ளலாம். கோயில் என்பது ஓர் ஊரின் நாட்காட்டி. எந்த நாளில் விதைப்பது, எந்த நாளில் கொடியேறுவது, எந்த நாளில் உறவினர் வந்து கூடுவது என்பதெல்லாம் அதனோடு பின்னிக் கிடந்தன. கோயிலுக்கென்று நிலம் இருந்தது. அந்நிலத்தை உழுதவர், பூத்தொடுத்தவர், விளக்கெரித்தவர், பறையும் நாகசுரமும் முழக்கியவர், ஏடு படித்தவர் என்று எத்தனையோ குடும்பங்கள் அதன் நிழலில் வாழ்ந்தன. கோயில் இடிந்த அன்று அவர்களுடைய தொழிலும் இடிந்தது. ஒரு தலைமுறை கடந்ததும் எந்தத் தாளத்துக்கு எந்த முழக்கு என்பதை அறிந்தவர் இல்லாமற் போயினர். இடிந்த சுவரைச் சரித்திரக்காரர் அளந்து எழுதிவிடலாம். நின்றுபோன ஒரு முழக்கை அளப்பதற்குக் கருவி இல்லை.

ஆகவே இழந்த தலத்துக்காக அழுவது கோழைத்தனம் என்று நான் கருதவில்லை. பகைவரைச் சபிப்பதற்காக அழுவது வேறு. இழந்ததன் அளவை அறிந்து அழுவது வேறு. இரண்டாவது அழுகையில் ஒரு கணக்கெடுப்பு இருக்கிறது. எது எம்மிடம் இருந்தது என்பதை மறவாமல் வைத்திருப்பவனே எது எஞ்சியிருக்கிறது என்பதையும் காண வல்லவன். இந்நாட்டின் ஈச்சரங்கள் ஐந்து என்பர். அவற்றுள் தென்கோடியில் இருந்த தொண்டேச்சரம் 1588ஆம் ஆண்டு போர்த்துக்கேயரால் அழிந்தபின் ஈச்சரமாக மீளவே இல்லை. மன்னாரின் திருக்கேதீச்சரம் முந்நூறு ஆண்டுகள் காடாய்க் கிடந்து, பின்னரே மீண்டது. எல்லா இழப்புக்கும் மீட்சி உண்டு என்று எளிதாகச் சொல்லிவிடுவதற்கில்லை. அப்படிச் சொல்வோர் தொண்டேச்சரத்தை நினைத்துக்கொள்வது நல்லது.

இனிக் கோணேசர் கோயிலில் எஞ்சியவை எவை, எவ்வாறு எஞ்சின என்பதைப் பார்ப்போம்.

முதலாவது, பாட்டு. சம்பந்தர் ஈழநாட்டுக்கு வந்தவர் அல்லர். இராமேச்சுரத்தில் இருந்தவாறே கடலுக்கு இப்பால் உள்ள கோணமலையையும் கேதீச்சரத்தையும் நினைந்து பாடினார் என்று பெரியபுராணம் கூறுகிறது. கண்ணால் காணாத ஒருவர் பாடிய பாட்டு, கண்ணால் கண்டவர் அனைவரும் மறைந்த பின்னும் நின்றது. அப்பாட்டைத் தாங்கிய திருமுறையும் ஒருகாலத்தில் மறைந்து, சிதம்பரத்தில் கறையான் அரித்த ஏடுகளிலிருந்து மீட்கப்பட்டதென்பதே எங்கள் மரபு. கோயில் இல்லாத மூன்று நூற்றாண்டுகளிலும் யாழ்ப்பாணத்தில், மட்டக்களப்பில், தமிழகத்து ஓதுவார் இல்லங்களில் சிறுவர்கள் கோணமாமலை என்னும் பெயரை இசையோடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். மலை எங்கே இருக்கிறது என்று அவர்களுட் பலருக்குத் தெரிந்திராது. பெயர் நாவில் இருந்தது, அது போதுமாயிருந்தது.

இரண்டாவது, மண். 1950ஆம் ஆண்டு திருகோணமலையில் கிணறு ஒன்றுக்காக நிலத்தை அகழ்ந்தபோது செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. அமர்ந்த கோலத்துச் சிவபெருமானும் சந்திரசேகரரும் உமையம்மையும் அவற்றுள் இருந்தனர். யாரோ சிலர், ஆபத்து நெருங்குவதை அறிந்து, அவற்றை மண்ணுக்குள் மறைத்திருக்கிறார்கள். ஆபத்துக் காலத்தில் திருமேனிகளைப் புதைத்துக் காக்கும் முறையை ஆகம நூல்களே விதித்துள்ளன; குழி அகழ்ந்து, மணல் பரப்பி, நிலமகளிடம் ஒப்படைத்து வரவேண்டும். இது தமிழ்நாட்டிலும் பரவலாக நிகழ்ந்தது. சம்பந்தர் பிறந்த சீகாழியிலேயே, சட்டைநாதர் கோயில் வளாகத்தில் 2023ஆம் ஆண்டு மண்ணை அகழ்ந்தபோது இருபதுக்கு மேற்பட்ட திருமேனிகளும், தேவாரம் பொறித்த செப்பேடுகள் நூற்றுக்கணக்கிலும் கிடைத்த செய்தியை நேயர்கள் அறிவீர்கள்.

திருகோணமலையில் அன்று புதைத்தவர்களை எண்ணிப் பாருங்கள். இரவு நேரமாய் இருந்திருக்கலாம். கையில் மண்வெட்டி, தோளில் இறைவன். மீண்டும் எடுத்து வழிபடுவோம் என்ற நம்பிக்கை அவர்களுக்கு இருந்திருக்க வேண்டும். இல்லையேல் புதைத்திருக்க மாட்டார்கள். அவர்கள் மீண்டு வரவில்லை. இடத்தை யாருக்கும் சொல்லாமலே மாண்டிருக்கவும் கூடும். அவர்கள் பெயர் ஒன்றுகூட நமக்குக் கிட்டவில்லை. ஆயினும் அவர்கள் செய்த காரியம் முந்நூறு ஆண்டுகள் கழித்து நிறைவேறிற்று.

மூன்றாவது, வழக்கம். இதனை நான் நூலிலிருந்து கற்கவில்லை. என் அம்மம்மாவிடம் கற்றேன். அவர் சிறுமியாய் இருந்த நாளில் மலைமேல் கோயில் இல்லை. இருப்பினும் குறித்த நாள்களில் பூசகர் ஒருவர் பாறையின் விளிம்புக்குச் சென்று, கற்பூரம் ஏற்றி, தேங்காய் உடைத்து, பூவையும் வெற்றிலையையும் பழத்தையும் கடலை நோக்கி வீசுவாராம். கோட்டையில் இருந்த ஆங்கிலேய அதிகாரிகளும் இக்காட்சியை வியந்து எழுதி வைத்திருக்கிறார்கள். அம்மம்மா தன் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கே நின்றிருக்கிறார். "கோயில் இல்லாத இடத்தில் எதைக் கும்பிட்டீர்கள்?" என்று நான் சிறுவயதில் கேட்டேன். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். "கோயிலைத்தானே தம்பி இடிச்சவங்கள்? மலையை இடிக்கேல்லையே" என்றார். அந்த விடையின் முழுப்பொருளும் எனக்கு அப்போது விளங்கவில்லை.

பாட்டும் மண்ணும் வழக்கமும் சேர்ந்து காத்ததைப் பின்வந்தவர்கள் மீட்டார்கள். 1956ஆம் ஆண்டு ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் மலையடிக் கடலில் மூழ்கி, கோயில் தூண்களும் செதுக்கிய கற்களும் கடலடியில் கிடப்பதைக் கண்டனர். மண்ணில் கிடைத்த திருமேனிகள் ஊர்வலமாகக் கொண்டுசெல்லப்பட்டபோது மக்கள் வழியெங்கும் நிறைகுடம் வைத்து வரவேற்றனர். அப்பொழுது சிறுமியாயிருந்த என் தாயார், முதியவர்கள் வாய்விட்டு அழுததைத் தாம் கண்டதாகச் சொல்வார். மகிழ்ச்சியான நாளில் ஏன் அழுகிறார்கள் என்று அவருக்குப் புரியவில்லையாம். 1963ஆம் ஆண்டு புதிய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. பழைய மூன்று கோயில்களின் அளவுக்கு அது சிறியது. ஆனால் அதே மலையில், அதே கடலை நோக்கி நிற்கிறது.

இங்கே சிறுமியின் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிட்டதென்று ஒருகாலத்தில் எண்ணினேன். இறைவன் கோயிலைக் காக்கவில்லை என்பது சரியன்று. மனிதரின் நாவாலும் கையாலும் காலாலும் காத்தான் என்று அவளுக்குச் சொல்லலாம் என்று கருதினேன். நல்ல விடைதான். ஆனால் அது கல்லைப் பற்றிய விடை. உயிரைப் பற்றிய கேள்வி அப்பொழுது எனக்கு எழவில்லை.

2004ஆம் ஆண்டு மார்கழி. போர்நிறுத்தம் நிலவிய காலமாதலால் வீதிகள் திறந்திருந்தன. எங்கள் சிற்றூரில் கடற்கரையை ஒட்டி ஒரு பிள்ளையார் கோயில் இருந்தது. செங்கல்லால் கட்டிய சிறு கருவறை, முன்னால் கிடுகு வேய்ந்த மண்டபம், பக்கத்தில் ஒரு பூவரசு. அவ்வளவே அதன் செல்வம். வள்ளம் இறக்கும் முன் ஒரு சூடம், கரை சேர்ந்தபின் ஒரு கும்பிடு என்று அவ்வூர் மீனவர் தலைமுறை தலைமுறையாக வணங்கி வந்தனர். திருவெம்பாவைக் காலத்தில் விடியுமுன்னரே பிள்ளைகள் சங்கும் சேமக்கலமுமாக அங்கே கூடுவார்கள். டிசம்பர் 26ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பூரணை விடுமுறை நாளுமாகும். விடியற்பூசை முடிந்ததும் அறநெறி வகுப்புப் பிள்ளைகளைக் கோணேசர் கோயிலுக்கு அழைத்துச் செல்வதென்று ஏற்பாடு செய்திருந்தேன். வாடகைக்குப் பிடித்த பேருந்து சிறியது. ஆகவே பத்து வயதுக்குக் குறைந்தவர்களை அழைத்துச் செல்வதில்லை என்று நானே விதித்தேன். ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் திருநீறு பூசி, வெள்ளை வேட்டி உடுத்து, பேருந்து வாயிலில் வந்து நின்றான். "அடுத்த முறை, தம்பி" என்று சொல்லி அவனை இறக்கிவிட்டேன்.

காலை ஒன்பது மணியளவில் நாங்கள் மலைமேல் நின்றோம். முதலில் யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. பின்னர் மலையின் இருமருங்கும் உள்ள குடாக்களில் நீர் வற்றிப் பின்வாங்குவதையும், அதுவரை காணாத பாறைகள் வெளித்தெரிவதையும் பிள்ளைகள் சுட்டிக்காட்டினர். சற்று நேரத்தில் கடல் திரும்பியது. அது அலையாக வரவில்லை. கடலே எழுந்து நடந்து வருவதுபோல் வந்தது. கரையில் இருந்த வள்ளங்கள் வீதிகளின்மேல் மிதந்தன. பிள்ளைகள் என்னைக் கட்டிக்கொண்டு அலறினர். என்னோடு வந்த இருபத்துமூன்று பிள்ளைகளும் உயிரோடு இருந்தனர். எங்கள் ஊருக்குத் திரும்புவதற்கு மறுநாள் ஆயிற்று.

பிள்ளையார் கோயில் இருந்த இடத்தில் மணல்தான் இருந்தது. பூவரசு வேரோடு போயிற்று. கருவறைக் கல் ஒன்றும் காணோம். திருவுருவம் இன்றுவரை கிடைக்கவில்லை. அயற்கிராமத்து மாதா கோயிலும் பள்ளிவாசலும் அவ்வாறே சிதைந்திருந்தன. கடல் யாருடைய தெய்வம் என்று கேட்டு வரவில்லை. இலங்கையில் மட்டும் அன்று ஏறத்தாழ 35,000 பேர் மாண்டனர். அந்தச் சிறுவனும் அவர்களுள் ஒருவன்.

அதன்பின் சில மாதங்கள் நான் செல்லுமிடமெல்லாம் மக்கள் என்னிடம், "கோணேசர் உங்களையும் பிள்ளைகளையும் காத்தார்" என்றே சொன்னார்கள். நானும் அவ்வாறே சொன்னேன். உண்மையான நன்றியோடுதான் சொன்னேன். இன்றும் அந்த நன்றி எனக்கு உண்டு. ஒருநாள் தற்காலிகக் கொட்டகையில் பிரார்த்தனைக் கூட்டம் நடந்தது. என்னைப் பேச அழைத்தார்கள். மலைமேல் இறைவன் எங்களைக் காத்த அற்புதத்தைக் கண்ணீரோடு சொன்னேன். சொல்லி முடித்தபின்தான் பின்னால் அந்தச் சிறுவனின் தாய் அமர்ந்திருப்பதைக் கண்டேன். என் நா உலர்ந்துவிட்டது.

அவர் கோபிக்கவில்லை. கூட்டம் கலைந்தபின் என்னிடம் வந்தார். "ஐயா, நீங்கள் நன்றி சொல்லத்தான் வேணும். இருபத்துமூன்று பிள்ளைகள் இருக்கினமே. ஆனால் நன்றி சொல்லேக்கை என்ரை பிள்ளையின்ரை பேரையும் ஒருக்காச் சொல்லுங்கோ" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் பேருந்திலிருந்து இறக்கிவிட்டதை அவர் அறிவார். அதனை அன்றும் சொல்லவில்லை, பின்னரும் சொல்லவில்லை.

நேயர்களே, முப்பத்தெட்டு ஆண்டு ஆசிரியத் தொழிலில் நான் கற்பித்தவற்றைக் காட்டிலும் அந்த ஒரு வாக்கியத்தில் கற்றுக்கொண்டது பெரிது. நாம் காக்கப்பட்டோம் என்று சொல்லும்போது, காக்கப்படாதவரைவிட நாம் மேலானவர் என்ற எண்ணம் நம்மை அறியாமலே அச்சொல்லுக்குள் நுழைந்துவிடுகிறது. எங்கள் பக்தி மிகுந்தது, ஆதலால் தப்பினோம் என்பது அதன் உட்பொருளாகிவிடுகிறது. அந்தச் சிறுவனும் விடியற்பூசையில் திருவெம்பாவை பாடினவன்தான். பக்தியை அளவுகோலாக வைத்தால் அவனே எங்களுக்கு முன்னே மலைமேல் நின்றிருக்க வேண்டும். நன்றி என்பது வெற்றிச் சின்னம் அன்று. அது ஒரு கடன். தப்பியவன் தப்பாதவனுக்கும் சேர்த்து வாழவேண்டிய கடன்.

அப்பொழுதுதான் 1950-களில் திருமேனிகளின் ஊர்வலத்தைக் கண்டு முதியவர்கள் அழுததன் காரணம் எனக்கு விளங்கிற்று. கிடைத்த ஒவ்வொரு திருமேனியும் கிடைக்காதவற்றை நினைவூட்டியது. மண்ணிலிருந்து இறைவன் வந்தான், புதைத்தவர்கள் வரவில்லை. நன்றியும் புலம்பலும் ஒரே வேளையில் ஒரே நெஞ்சில் எழுந்தன. ஒன்றை மற்றொன்றால் அடக்கிவிட அவர்கள் முயலவில்லை. புலம்பலை விட்டு நன்றி மட்டும் சொல்பவன் கல்நெஞ்சனாகிறான். நன்றியை விட்டுப் புலம்பல் மட்டும் கொள்பவனுக்கு எஞ்சியிருப்பது கண்ணில் படுவதில்லை. நாளடைவில் அவன் புலம்பல் பகையாய்த் திரிகிறது. எங்கள் நாடு அந்தத் திரிபின் விளைவை முப்பதாண்டுகளாகக் கண்டது. 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களில் சிந்திய குருதியிலும் மீண்டும் கண்டது.

ஊரில் பிள்ளையாருக்கு வேறு கோயில் கட்டினோம். கடலுக்குச் சற்று எட்ட, மேட்டு நிலத்தில் இன்று அது நிற்கிறது, பூசையும் நடக்கிறது. ஆனால் வெள்ளிக்கிழமை மாலைகளில் பழைய இடத்து மணலில் ஒரு சிட்டி விளக்கு எரிவதைக் கடலிலிருந்து திரும்பும் மீனவர் காண்பார்கள். ஏற்றுபவர் அந்தத் தாய். காற்று அணைத்துவிட்டால் மீண்டும் ஏற்றுவார். கட்டிய கோயில் அங்கே இருக்க, ஏன் இங்கே வருகிறீர்கள் என்று யாரும் அவரைக் கேட்பதில்லை. எனக்கோ அவரைக் காணும்போதெல்லாம், கோயிலற்ற பாறை விளிம்பில் தாயின் கையைப் பிடித்து நின்ற என் அம்மம்மாவின் நினைவே வரும். முந்நூறு ஆண்டுகள் ஒரு தலம் எவ்வாறு அழியாமல் நின்றது என்பதை நான் ஆவணங்களில் தேடிக்கொண்டிருந்தேன். அது என் கண்முன்னே ஒரு சிட்டி விளக்காய் எரிந்துகொண்டிருந்தது.

கேள்வி கேட்ட சிறுமி இன்று தானும் ஓர் ஆசிரியை. சில ஆண்டுகளுக்கு முன் என்னைக் காண வந்தபோது, "ஐயா, அன்றைக்குத் தேடிச் சொல்கிறேன் என்றீர்களே" என்று நகைத்தவாறே நினைவூட்டினார். நான் அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்லி முடிக்கிறேன். சுவாமி ஏன் தன் கோயிலைக் காக்கவில்லை என்பதும், ஏன் ஒரு பிள்ளையைக் காத்து மற்றொரு பிள்ளையைக் காக்கவில்லை என்பதும் எனக்கு இன்றும் தெரியாது. தெரியும் என்று சொல்பவரை நான் நம்புவதுமில்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவே: பாட்டை மறவாதவனுக்கும், இரவில் குழி அகழ்ந்தவனுக்கும், வெறும் பாறையில் பூ எறிந்தவளுக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம். அவர்களை அனுப்பியவனுக்கு நன்றி சொல்கிறேன். சொல்லும்போதெல்லாம் இருபத்துமூன்று பெயர்களுக்கு முன்னால் இருபத்துநான்காவது பெயரைச் சொல்கிறேன்.

ஆசிரியை சற்று நேரம் மௌனமாக இருந்தார். பின்னர், தம் வகுப்பில் அந்தப் பதிகத்தை அடுத்த கிழமை கற்பிக்கப் போவதாகச் சொல்லி விடைபெற்றார்.